கூலியில் போட்டி கூடாது

2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களின் கோரிக்கைகளில் ஊதிய உயர்வும் இருந்தது, வேலை நேரமும் இருந்தது. ஆனால் போராட்டம் 37 நாட்கள் நீண்டதற்கு முக்கியக் காரணம், தாங்கள் அமைத்த சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்ற கோரிக்கைதான். பந்தல் பிரிக்கப்பட்டது, தொழிலாளர்கள் கைது செய்யப்பட்டார்கள், அமைச்சர்கள் பேச்சுவார்த்தை நடத்தினார்கள், வழக்கு உயர்நீதிமன்றப் படியேறியது. விண்ணப்பித்து ஏறத்தாழ ஏழு மாதங்கள் கழித்து, 2025 ஜனவரி 27 அன்று, பதிவுச் சான்று கிடைத்தது. 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் தந்திருந்த உரிமை அது. ஒரே வளாகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிரந்தரத் தொழிலாளர்கள் தோளோடு தோள் நின்றும் அதைப் பெற அவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது.

அந்தத் தொழிலாளர்களுக்கு ஒரு வாய்ப்பாவது இருந்தது: ஆலைக்கு வாசல் இருந்தது. ஷிப்டு முடிந்து வருகிறவர்களும் ஷிப்டுக்குப் போகிறவர்களும் சந்திக்கும் இடம் அது. வாயிற்கூட்டம் போட்டுத்தான் இந்த மாநிலத்தின் தொழிற்சங்க இயக்கம் வளர்ந்தது. மறைமலை நகரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம், வல்லம் வடகால் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை இதே சாலைகளில் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும் பார்சல் வண்டி ஓட்டுநர்களுக்கு அந்த வாசலும் இல்லை. போட்டி நிறுவனங்கள் பலவற்றின் பொட்டலங்களை ஒரே தெருவில், ஒரே வெயிலில், ஒரே மாதிரி வண்டியில் அவர்கள் கொண்டு சேர்க்கிறார்கள். கூலி மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. இந்த நிலை அநீதி என்பதும், இதைச் சரிசெய்யும் பொறுப்பு யாருடையது என்பதும் வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும்.

இந்த ஓட்டுநரின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதை முதலில் பார்ப்போம். இரவு லாரிகளில் வந்திறங்கிய மூட்டைகள் ஹப்பில் பிரிக்கப்படும்வரை அவர் காலையில் காத்திருக்கிறார். அந்த நேரத்துக்குக் கூலி இல்லை. தன் ரூட்டுக்கான பொட்டலங்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, கடைசியாக இறக்க வேண்டியது அடியில் வருமாறு குட்டி யானை வண்டியில் தானே அடுக்குகிறார். அதற்கும் கூலி இல்லை. வண்டி பெரும்பாலும் அவருடையதே. தவணை, டீசல், காப்பீடு, டயர் எல்லாம் அவர் கணக்கு. இந்தப் பகுதியின் முகவரிகள் எப்படிப்பட்டவை என்பது வாசகர்களுக்குத் தெரியும். ‘கோயிலுக்குப் பின்னால், மாடி வீடு, மூன்றாவது ரூம்’ என்றுதான் பெட்டியில் எழுதியிருக்கும். அந்த அறையில் ஐந்தாறு பேர் ஷிப்டு முறையில் தங்கியிருப்பார்கள். பொட்டலத்துக்கு உரியவர் ஆலைக்குள் இருப்பார். பல ஆலைகளில் கைபேசியை வெளியிலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும் என்பதால் எத்தனை முறை அழைத்தாலும் பதில் வராது. இரவு ஷிப்டு முடித்தவரோ கதவைச் சாத்திக்கொண்டு உறங்கிக்கொண்டிருப்பார். ஓ.டி.பி. எண் இல்லாமல் பொட்டலத்தைக் கொடுக்க முடியாது. மாலையில் மறுபடி வர வேண்டும், இல்லையென்றால் நாளை. கொடுத்த பொட்டலத்துக்குத்தான் காசு. கொடுக்க முடியாமல் திரும்பக் கொண்டுவந்த பொட்டலத்துக்கு எரிந்த டீசல் ஓட்டுநருடைய நஷ்டம்.

இரவு ஹப்புக்குத் திரும்பியதும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். பொருளைப் பெறும்போது பணம் தருகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். நூறு ரூபாய் குறைந்தாலும், ஒரு நோட்டு செல்லாது என்றாலும், ஒரு பெட்டி நசுங்கியிருந்தாலும் பிடித்தம் அவர் கூலியில்தான். வாடிக்கையாளர் புகார் ஒன்று சேர்ந்தால் மறுநாள் காலையில் செயலி திறக்காது. ‘ஐ.டி.யை பிளாக் செய்துவிட்டார்கள்’ என்று ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான். குற்றச்சாட்டுக் குறிப்பாணை கிடையாது, விசாரணை கிடையாது, மேல்முறையீடு கிடையாது. ஆலைத் தொழிலாளி ஒருவரை இப்படி ஒரே இரவில் வெளியேற்றினால் அது சட்ட மீறல். இவரை வெளியேற்றுவது மென்பொருளின் ஒரு வழக்கமான செயல்பாடாக இருக்கிறது.

இவருக்குக் கூலி தருவது யார்? ஒரு நிறுவனம் ஓட்டுநரை நேரடியாக வேலைக்கு அமர்த்தி மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. தருகிறது. அடுத்த நிறுவனம் வெண்டர் எனப்படும் ஒப்பந்ததாரரிடம் ரூட்டை விட்டுவிடுகிறது. ஒப்பந்ததாரர் நாள் வாடகை பேசி வண்டியையும் ஆளையும் சேர்த்தே எடுக்கிறார். மூன்றாவது நிறுவனத்தில் வேலை கொடுப்பவர் என்று எவரும் இல்லை, செயலிதான் இருக்கிறது. மூவரும் செய்வது ஒரே வேலை. ஆனால் நேர்மையாகச் சம்பளம் தரும் முதல் நிறுவனம்தான் இந்த ஏற்பாட்டில் நட்டப்படுகிறது. விற்பனைத் தளங்கள் பொட்டலங்களைக் கொத்தாகக் கொடுப்பது, பொட்டலத்துக்கு இத்தனை ரூபாய் என்று யார் குறைவாகக் கேட்கிறார்களோ அவர்களுக்கே. அந்தத் தொகை நிறுவனத்திலிருந்து ஒப்பந்ததாரருக்கும், அவரிடமிருந்து துணை ஒப்பந்ததாரருக்கும், கடைசியில் ஓட்டுநருக்கும் இறங்கி வரும்போது வழியிலேயே தேய்கிறது. டீசல் விலையை எந்த நிறுவனத்தாலும் குறைக்க முடியாது. கிடங்கு வாடகையையும் குறைக்க முடியாது. குறைக்க முடிந்தது ஓட்டுநரின் கூலி மட்டுமே. ஆகவே போட்டி அங்கேதான் நடக்கிறது.

வணிகப் போட்டியை நாம் எதிர்க்கவில்லை. பொட்டலங்களை விரைவாகப் பிரிப்பதில், வழித்தடத்தைச் சிக்கனமாக வகுப்பதில், வண்டி காலியாகத் திரும்பாமல் பார்த்துக்கொள்வதில் நிறுவனங்கள் தாராளமாகப் போட்டியிடட்டும். அந்தப் போட்டியால் நாட்டுக்கு நன்மை. யார் தன் ஓட்டுநருக்குக் குறைவாகக் கொடுக்கிறார் என்பதில் நடக்கும் போட்டியால் எவருக்கும் திறமை கூடுவதில்லை. வேகமாக ஓட்டினால்தான் கூலி தேறும் என்ற நிலையில் ஒரு ஓட்டுநரை ஜி.எஸ்.டி. சாலையிலும் ஒரகடம் கூட்டுச்சாலையிலும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இறக்கிவிடுவதன் விலையை அதே சாலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறவர்களும் கொடுக்கிறார்கள்.

அவர்கள் எங்கள் ஊழியர்கள் அல்லர், தாங்களாகவே வந்து சேர்ந்த சுதந்திரத் தொழில்முனைவோர் என்று நிறுவனங்கள் பதில் சொல்கின்றன. இதே வாதத்தை அமெரிக்காவில் ஃபெடெக்ஸ் கிரவுண்டு நிறுவனம் பல ஆண்டுகள் சொல்லிவந்தது. வண்டியை ஓட்டுநரே வாங்க வேண்டும். ஆனால் வண்டியின் நிறம், சின்னம், உள்ளே தட்டுகள் அமைந்த விதம், ஓட்டுநரின் சீருடை, முடி தாடி வெட்டியிருக்க வேண்டிய ஒழுங்கு வரை நிறுவனம் தீர்மானித்தது. 2014-இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், கலிஃபோர்னியா சட்டப்படி இந்த ஓட்டுநர்கள் ஊழியர்களே என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு ஏறத்தாழ 2,300 ஓட்டுநர்களுக்கு 22 கோடியே 80 லட்சம் டாலர் தந்து நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. நம் ஊர் ஓட்டுநருக்கு எந்தத் தெருவுக்கு எப்போது போக வேண்டும், ஒரு பொட்டலத்தை எத்தனை முறை முயல வேண்டும், யாரிடம் எவ்வளவு பணம் வாங்க வேண்டும் என்று நொடிக்கு நொடி கட்டளை வருகிறது. கூலி விகிதத்தை அவர் பேச முடியாது. வாடிக்கையாளரை அவர் தேர்ந்தெடுக்க முடியாது. தன் தொழிலின் விலையைச் சொல்லும் உரிமைகூட இல்லாத ஒருவரைத் தொழில்முனைவோர் என்று அழைப்பதை இத்தாள் ஏற்க மறுக்கிறது.

அமெரிக்க உதாரணத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஃபெடெக்ஸின் போட்டி நிறுவனமான யு.பி.எஸ்.ஸின் ஓட்டுநர்கள் நேரடி ஊழியர்கள்; டீம்ஸ்டர்ஸ் சங்கத்தின் உறுப்பினர்கள். 1997 ஆகஸ்டில் 1,85,000 பேர் 15 நாட்கள் வேலையை நிறுத்தினார்கள். 2023-இல் சுமார் 3,40,000 பேருக்காக அந்தச் சங்கம் பேசிய ஒப்பந்தத்தின்படி முழுநேர ஓட்டுநரின் உச்ச ஊதியம் ஒப்பந்த முடிவில் மணிக்கு 49 டாலரை எட்டும். புதிதாக வாங்கும் வண்டிகளில் குளிர்சாதனம் பொருத்தப்பட வேண்டும் என்பதும் அதில் இருந்தது. வெயிலில் கொதிக்கும் இரும்புப் பெட்டிக்குள் நின்று பொட்டலம் எடுப்பது எப்படி இருக்கும் என்பதைச் சித்திரை மாதத்தில் ஒரகடம் பக்கம் வண்டி ஓட்டுகிறவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கதை அத்துடன் முடியவில்லை. 1997 வேலைநிறுத்தத்தின்போது யு.பி.எஸ்.ஸின் வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினர் போட்டி நிறுவனங்களுக்குப் போனார்கள். 2023 ஒப்பந்தத்துக்குப் பின் அந்த நிறுவனம் ஆயிரக்கணக்கான வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. அமேசானோ சிறு ஒப்பந்ததாரர்களின் ஓட்டுநர்களைக் கொண்டே தன் பொட்டலங்களை விநியோகிக்கிறது. சங்கம் உள்ள நிறுவனமும் சங்கம் இல்லாத நிறுவனமும் ஒரே சந்தையில் இருந்தால், சங்கத்தின் வெற்றியைச் சங்கம் இல்லாத நிறுவனம் தன் லாபமாக்கிக்கொள்ளும். இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய முடிவு சங்கம் வேண்டாம் என்பதல்ல. ஒரு நிறுவனத்தில் மட்டும் சங்கம் இருந்தால் போதாது. தொழில் முழுவதற்கும் ஒரே அடிமட்டக் கூலி வேண்டும். அதற்குக் கீழே எந்த நிறுவனமும் ஏலம் கேட்க முடியாமல் இருக்க வேண்டும்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று சொல்கிறவர்களுக்குத் தமிழ்நாட்டின் பீடித் தொழிலை நினைவூட்டுகிறோம். திருநெல்வேலியிலும் வேலூரிலும் பீடி சுற்றும் பெண்களுக்கும் ஆலை வாசல் இல்லை. இலையும் தூளும் ஏஜென்டிடம் வாங்கி, வீட்டுத் திண்ணையில் சுற்றி, கட்டுக் கட்டாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. இவர்களுக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை, ஏஜென்டைக் கேளுங்கள் என்றுதான் கம்பெனி முதலாளிகள் சொன்னார்கள். 1966-இல் நாடாளுமன்றம் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை இயற்றி, இடையில் எத்தனை ஒப்பந்ததாரர் இருந்தாலும் வேலைவாங்கும் முதன்மை உரிமையாளரைப் பொறுப்பாக்கியது. உற்பத்தியாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள்; 1974-இல் சட்டம் நிலைத்தது. இன்றும் பீடித் தொழிலாளரின் வாழ்க்கை செழிப்பானது என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் எந்தக் கம்பெனிக்குச் சுற்றினாலும் ஆயிரம் பீடிக்கு அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி என்ற ஒன்று இருக்கிறது. அடையாள அட்டை இருக்கிறது. வைப்பு நிதி இருக்கிறது. வீட்டுத் திண்ணையில் சிதறிக் கிடந்த பெண்களுக்குச் சாத்தியமானது, ஒவ்வொரு பொட்டலமும் எங்கே இருக்கிறது என்று கணினிக்குத் தெரியும் ஒரு தொழிலில் சாத்தியமில்லை என்று சொல்வது பொருந்தாது.

சட்டத்தின் கையில் கருவி இல்லை என்றும் சொல்ல முடியாது. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் அட்டவணையில் பொது மோட்டார் போக்குவரத்து தொடக்கத்திலேயே இடம்பெற்றது. எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்கிறவருக்கும் நேரக் கணக்கில் ஒரு உத்தரவாதக் கூலி நிர்ணயிக்கலாம் என்று அந்தச் சட்டமே சொன்னது. பொட்டலம் கொடுபட்டாலும் படாவிட்டாலும் உழைத்த நேரத்துக்கு இதற்குக் குறையாமல் தர வேண்டும் என்பதுதான் அதன் பொருள். 1961-இன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஐந்து பேர் வேலைசெய்யும் நிறுவனத்துக்கும் பொருந்தியது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தது. 1970-இன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தந்தாக வேண்டும் என்றது. இந்தச் சட்டங்களை இந்தத் தொழிலில் அமல்படுத்தியிருந்தாலே பாதிப் பிரச்சினை எழுந்திருக்காது. அமல்படுத்தாமல் விட்டவர்கள் ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள் அல்லர்; எல்லா ஆட்சிகளுக்கும் அதில் பங்குண்டு.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்தப் பழைய சட்டங்களை விழுங்கிக்கொண்டன. சில நல்ல அம்சங்கள் அவற்றில் உண்டு. குறைந்தபட்சக் கூலி இனி அட்டவணையில் உள்ள தொழில்களுக்கு மட்டுமல்ல, எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும். சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் ஏழாம் அட்டவணையில் சரக்குப் போக்குவரத்துச் சேவை பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. அத்தகைய தளங்கள் தங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 விழுக்காடு வரை தொழிலாளர் நல நிதிக்குத் தர வேண்டும். அதே தொகுப்புகள் வேறு கதவுகளைச் சாத்தியும் இருக்கின்றன. மோட்டார் போக்குவரத்து நிறுவனங்களுக்கான வரம்பு ஐந்து பேரிலிருந்து பத்துப் பேராக உயர்ந்துவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்பு 20 பேரிலிருந்து 50 பேருக்குப் போய்விட்டது. நாற்பது ஓட்டுநர்களை வைத்திருக்கும் வெண்டர் இனி நிம்மதியாக உறங்கலாம். ஐம்பதைத் தாண்டுகிறவர் தன் மைத்துனர் பெயரில் இன்னொரு நிறுவனம் தொடங்கிவிட்டு உறங்கலாம்.

சங்க விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். பேச்சுவார்த்தை நடத்தும் தனிச் சங்கமாக அங்கீகாரம் பெற, ஒரு தொழில் நிறுவனத்தின் தொழிலாளர்களில் 51 விழுக்காட்டினரின் ஆதரவு வேண்டும் என்கிறது தொழிலுறவுத் தொகுப்பு. எது அந்த நிறுவனம்? பெட்டியின் மேல் பெயர் அச்சிட்டிருக்கும் பெரிய கம்பெனியா, பதினைந்து ஓட்டுநர்களை வைத்திருக்கும் வெண்டரா? வெண்டர்தான் என்றால், பதினைந்து பேரில் எட்டுப் பேரைத் திரட்டி, கூலியை உயர்த்தும் சக்தியே இல்லாத ஒருவரிடம் பேசி என்ன பயன்? அவர் ரூட்டை அடுத்த மாதமே வேறு வெண்டருக்கு மாற்றிவிடுவார்கள். போட்டி நிறுவனங்கள் ஒன்றையொன்று வாங்கிக்கொள்ளவும் செய்கின்றன. 2025-இல் டெல்லிவரி நிறுவனம் ஈகாம் எக்ஸ்பிரஸை ஏறத்தாழ 1,400 கோடி ரூபாய்க்கு வாங்க முன்வந்தது. இப்படி நிறுவனங்கள் கைமாறும்போது பங்குதாரர்களுக்குப் பேச வழக்கறிஞர்களும் வங்கியாளர்களும் இருக்கிறார்கள். ஒப்பந்ததாரரின் கீழ் ஓடும் ஓட்டுநருக்கு அந்த மேசையில் ஒரு ஓரத்து நாற்காலிகூட இல்லை.

மாநில அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. இணையவழிச் சேவைத் தொழிலாளர்களுக்கு 2023 இறுதியில் தனி நல வாரியம் அமைக்கப்பட்டது. 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்க 20,000 ரூபாய் மானியமும் குழுக் காப்பீடும் அறிவிக்கப்பட்டன. சென்னையில் அவர்களுக்காகக் குளிரூட்டப்பட்ட ஓய்வறைகள் திறக்கப்பட்டன. இவை நல்ல காரியங்கள். ஆனால் நல வாரியம் விபத்துக்கும் இறப்புக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் உதவும். கூலியைப் பற்றி அது பேசாது. ஓய்வறை கட்டிக்கொடுத்த அரசு, அதில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் அன்றைய ஊக்கத்தொகை பறிபோகும் என்ற கணக்கைத் தொடவில்லை. நலத்திட்டத்தைக் கூலிக்கு மாற்றாகக் காட்டுவது பொருட்படுத்தத் தக்க பிழை. அந்தப் பிழையில் நிறுவனங்கள் மகிழ்ச்சியோடு பங்கேற்கின்றன, ஏனென்றால் அவற்றுக்கு அது மலிவு.

ஒன்றிய அரசும் இதில் உத்தமர் வேடம் போட முடியாது. கிராமங்களில் பார்சலும் கடிதமும் கொண்டு சேர்க்கும் புறநிலை அஞ்சல் ஊழியர்கள் அரசுப் பதவி வகிப்பவர்களே என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் சொன்னது. அதன் பிறகும் அவர்களை முழு ஊழியராக ஏற்காமல் தள்ளிவைத்திருப்பது அஞ்சல் துறைதான். தேசிய அளவில் அடிமட்டக் கூலியாக 2019-இல் அறிவிக்கப்பட்ட தொகை நாளொன்றுக்கு 178 ரூபாய். மறைமலை நகரில் ஒரு ஓட்டுநரின் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் தேநீருக்குமே அது போதாது.

ஒன்றுசேர்ந்து நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு அண்மைச் சான்றுகள் உண்டு. 2020 ஆகஸ்டில் ஒரு ஆர்டருக்கான அடிப்படைத் தொகை 35 ரூபாயிலிருந்து 15 ரூபாயாகக் குறைக்கப்பட்டதாகச் சொல்லிச் சென்னையில் ஸ்விகி தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். 2025 டிசம்பர் 25, 31 தேதிகளில் விநியோகத் தொழிலாளர்களின் நாடு தழுவிய வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுக்கப்பட்டது. புத்தாண்டுக்கு முந்தைய இரவில் ஆர்டர்கள் சாதனை அளவைத் தொட்டன என்று சொமேட்டோவின் தலைவர் பெருமையோடு அறிவித்தார். ஆயினும் சில நாட்களில், ஒன்றியத் தொழிலாளர் அமைச்சர் தலையிட்ட பின், பத்து நிமிட விநியோகம் என்ற விளம்பரத்தை பிளிங்கிட் கைவிட்டது. விளம்பரம் மாறியது, விகிதம் மாறவில்லை. பதிவு பெற்ற, அங்கீகாரம் பெற்ற, உட்கார்ந்து பேசும் உரிமை பெற்ற சங்கம் இல்லாத இடத்தில் போராட்டத்தின் பலன் அந்த அளவோடு நின்றுவிடுகிறது.

தொழிற்சங்கங்களிடமும் ஒரு சொல். இந்த நெடுஞ்சாலையில் ஆலைக்கு ஆலை கொடிக் கம்பம் நட்டவர்கள் நீங்கள். பார்சல் ஓட்டுநரைத் தேடி ஹப் வாசலுக்குக் காலை ஏழு மணிக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? சந்தா வசூலிக்க எளிதான இடத்தில் மட்டும் சங்கம் அமைப்பது இயக்கமாகாது. வந்தாலும், ஒரே ஹப்பில் ஐந்து கொடி ஏற்றி ஐந்தாகப் பிரித்துவிட்டால் வெண்டருக்குக் கொண்டாட்டம். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை வாடியாவும் திரு.வி.க.வும் கட்டியபோது நாட்டில் சங்கத்துக்கென்று சட்டமே கிடையாது. பெரம்பூர் பின்னி ஆலைகளின் நிர்வாகம் வழக்குத் தொடுத்து உயர்நீதிமன்றத் தடை வாங்கியது. அந்த அவலத்தைக் கண்ட பிறகுதான் 1921-இல் என்.எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-இல் சட்டம் பிறந்தது. அந்த ஆலைகளில் தொழிலாளர்கள் சாதியாகப் பிளவுண்டபோது 1921 வேலைநிறுத்தம் எப்படி நொறுங்கியது என்பதும் அதே வரலாற்றின் பகுதி. இன்று பிளவு நிறுவனத்தின் பெயரால், சீருடையின் நிறத்தால் வருகிறது. சிவப்புச் சட்டைக்காரரும் நீலச் சட்டைக்காரரும் ஒரே சங்கத்தில் உட்கார வேண்டும். அந்தச் சங்கம் நிறுவனத்தின் பெயரில் அல்லாமல் இந்தத் தொழில்வட்டாரத்தின் பெயரில் அமைவதே பொருத்தம்.

சங்கம் வந்தால் முதலீடு ஓடிவிடும் என்ற பழைய பயமுறுத்தல் இங்கே மீண்டும் கேட்கும். இந்த வட்டாரத்துக்கு அந்த வலி தெரியும். நோக்கியா தன் ஆலையை 2014 நவம்பரில் மூடியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் மறைமலை நகர் ஆலையை மூடுவதாக அறிவித்தது. இரண்டுக்கும் காரணம் தொழிலாளர் சங்கம் அல்ல. முன்னதற்கு வரி வழக்கும், கைபேசித் தொழில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது இந்த ஆலை விடுபட்டதும் காரணம். பின்னதற்குப் பத்தாண்டுகளில் குவிந்த 200 கோடி டாலருக்கு மேற்பட்ட நட்டம். அது ஒருபுறமிருக்க, கார் ஆலையைக் குஜராத்துக்கும் கைபேசி ஆலையை வியட்நாமுக்கும் கொண்டுபோகலாம். பொத்தேரியிலோ வல்லத்திலோ ஒரு வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுக்க வேண்டிய பொட்டலத்தை எந்த நாட்டுக்கும் கொண்டுபோக முடியாது. முகவரி இங்கே இருக்கும்வரை வேலையும் இங்கேதான். கூலியை ஒழுங்குபடுத்த அஞ்சத் தேவையில்லாத தொழில் ஒன்று உண்டென்றால் இதுதான். எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே அடிமட்டம் என்றால் எந்த நிறுவனமும் மற்றொன்றிடம் சந்தையை இழக்காது. பொட்டலத்துக்குச் சில ரூபாய் கூடும். ‘டெலிவரி இலவசம்’ என்று திரையில் பார்த்துப் பழகிய நாம் அந்தச் சில ரூபாயைக் கொடுக்க வேண்டும். இதுநாள்வரை அந்த இலவசத்தை ஓட்டுநரின் குடும்பம்தான் நமக்கு வழங்கிவந்திருக்கிறது.

நிதி ஆயோக்கின் 2022 அறிக்கை, இத்தகைய தொழிலாளர்கள் 2020-21-இல் 77 லட்சம் பேர் என்றும் 2029-30-இல் 2.35 கோடியாவார்கள் என்றும் கணித்தது. ஆலைகளில் நிரந்தர வேலை சுருங்கச் சுருங்க, ஐ.டி.ஐ. முடித்த இளைஞர்கள் பயிற்சியாளர் என்ற பெயரில் ஓராண்டு ஓட்டிவிட்டு, கடன் வாங்கி ஒரு வண்டி எடுத்து இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். இன்னும் பத்தாண்டில் இந்த வட்டாரத்தின் உழைக்கும் வர்க்கத்தில் பெரும் பகுதி சக்கரத்தின் மேல்தான் இருக்கும். அவர்களைச் சட்டத்துக்கு வெளியே விட்டுவைத்துக்கொண்டு, வளர்ச்சியில் முதல் மாநிலம் என்று மார்தட்டுவது பொருந்தாது.

எனவே நம் முடிவு இது. பெட்டியின் மேல் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓட்டுநரின் கூலிக்குப் பொறுப்பு. இடையில் எத்தனை வெண்டர் இருந்தாலும் அந்தப் பொறுப்பு கைமாறக் கூடாது. காத்திருப்பும் ஏற்றி இறக்குவதும் திரும்ப வரும் பொட்டலமும் வேலை நேரமே. அதற்கு உத்தரவாதக் கூலி வேண்டும். விசாரணை இல்லாமல் ஐ.டி.யை முடக்குவது தண்டனைக்குரிய வேலைநீக்கமாகக் கருதப்பட வேண்டும். சங்கப் பதிவுக்கான விண்ணப்பம் தொழிலாளர் துறையின் மேசையில் இனி மாதக்கணக்கில் தூங்கக் கூடாது. 45 நாட்களில் பதிவு, அல்லது எழுத்தில் காரணம் கூறிய மறுப்பு. மறைமலை நகர் செங்கல்பட்டு மாவட்டத்திலும் ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் இருப்பதைக் காரணம் காட்டி அலுவலகங்கள் கோப்பை ஒருவருக்கொருவர் தள்ளிவிட இடம் தரக் கூடாது.

இவற்றில் முதல் அடிக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. குறைந்தபட்சக் கூலியைப் பரிந்துரைக்க வேலையளிப்போர், தொழிலாளர், பொதுவானவர்கள் அடங்கிய முத்தரப்புக் குழுவை அமைக்கும் அதிகாரம் மாநில அரசிடம் இப்போதே இருக்கிறது. விற்பனைத் தளங்களையும் பார்சல் நிறுவனங்களையும் வெண்டர்களையும் ஓட்டுநர்களின் பிரதிநிதிகளையும் அந்த ஒரே மேசையில் உட்கார வைக்க ஒரு அரசாணை போதும். பொட்டலங்கள் மலையாகக் குவியும் அடுத்த தீபாவளி விற்பனை தொடங்குவதற்கு முன்பாக அரசு அந்த ஆணையை வெளியிட வேண்டும்.